கணுக்காலுக்கு நாலு விரல் மேலே

நான்கு ஆண்டுகளாக என் மனைவி என்னைச் சாமி என்றுதான் கூப்பிட்டாள். என் கழுத்தில் மாலை இருந்தது. ஐயப்பனுக்கோ முருகனுக்கோ மாலை போட்டவனை எங்கள் பக்கம் பெற்ற தாய்கூடச் சாமி என்றுதான் கூப்பிடுவாள். சாமி சாப்பிட வாங்க, சாமி குளிச்சாச்சா, சாமியோட வேட்டி காயுது. அவள் அப்படிக் கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி எங்கள் ஊர். சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் போகும். உள்ளே வந்தால் சின்ன வெங்காயம், மக்காச்சோளம், கொஞ்சம் பருத்தி. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வெங்காயத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன். வேறு எதையும் யாரிடமும் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. பெண்களிடம் சுத்தமாகப் பேச்சு வராது. மனைவியிடமும் அப்படித்தான்.

எங்களுடையது ஒரே அறை வீடு. பின்னால் வெங்காயம் கொட்டி வைக்கிற பட்டறை. இரவில் மகனும் மகளும் எங்கள் இருவருக்கும் நடுவில் படுத்திருப்பார்கள். அதனால் எங்களுக்குப் பகல்தான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கும்போது, மத்தியானச் சோறு சாப்பிட்டு முடித்ததும் அவள் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்துவாள். அவ்வளவுதான். அவள் சாத்தினால் நான் வீட்டுக்குள் இருப்பேன். சாத்தவில்லை என்றால் துண்டை எடுத்துக்கொண்டு பட்டறைப் பக்கம் போய்விடுவேன். வருடக்கணக்காக இந்த ஒரு கதவை வைத்துக்கொண்டே குடும்பம் நடத்திவிட்டோம். வேண்டும் என்று நானும் சொன்னதில்லை, வேண்டாம் என்று அவளும் சொன்னதில்லை. எங்களைப்போல் ஒற்றுமையானவர்கள் ஊரில் இல்லை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகளை அரும்பாவூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போனான். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் மிஞ்சினோம். நாள் முழுக்க, இரவு முழுக்க வீடு எங்களுடையதாக ஆன அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு மாதவிலக்கு முன்பின்னாக வர ஆரம்பித்தது. பிறகு நின்றுபோனது. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், கொடியில் காய்கிற துணியை வைத்துத் தெரியும். கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிந்துகொண்டிருக்கும்போதே அவளுக்குத் திடீரென்று முகம் சிவந்து வேர்த்துக் கொட்டும். எழுந்துபோய் அண்டாவிலிருந்து தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வாள். பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வெறும் சிமெண்டுத் தரையில் படுப்பாள். இரண்டு மணிக்கு, மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எல்லாவற்றையும் பார்த்தேன். உடம்புக்கு என்ன என்று கேட்க வாயெடுப்பேன். பொம்பளை விஷயம், நமக்கெதற்கு என்று திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

ஒரு ஐப்பசி மாதத்து மத்தியானம் அவள் கதவைச் சாத்தினாள். நெடுநாள் கழித்துச் சாத்தினாள். அன்றைக்கு அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. சட்டென்று ஒரு சத்தம் போட்டு, இரண்டு கையாலும் என் நெஞ்சில் வைத்துத் தள்ளினாள்.

"விடுங்க. போதும்" என்றாள். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

வலிக்கிறதா என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றியது வேறு. வெங்காய நாற்றம் பிடித்த இந்த ஆளை இத்தனை வருடம் பொறுத்துக்கொண்டாள், இப்போது பிள்ளைகளும் போய்விட்டார்கள், இனி எதற்குப் பொறுக்க வேண்டும் என்று தள்ளிவிட்டாள். அப்படித்தான் தோன்றியது. அவமானத்தில் காது சுட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து பட்டறைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். அதன்பிறகு கதவு சாத்தப்படவில்லை.

பத்து நாள் கழித்துக் கார்த்திகை பிறந்தது. எங்கள் ஊர் டீக்கடைக்காரர்தான் குருசாமி. வருடா வருடம் ஒரு வேன் நிறைய ஆட்களைச் சபரிமலைக்குக் கூட்டிப்போகிறவர். முதல் நாள் காலையில் பிள்ளையார் கோயிலில் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். நானும் போய் நின்றேன். அதற்குமுன் நான் மாலை போட்டதே இல்லை.

மாலை போட்டால் தனிப் பாய், தனித் தட்டு. மனைவி பக்கத்தில் போகக்கூடாது, தொடக்கூடாது. ஊரே அதைச் சரி என்கிறது. ஏன் விலகிப் படுக்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். மனைவியும் கேட்க மாட்டாள். கதவு சாத்தினாளா, சாத்தவில்லையா என்று மத்தியானம் சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. எனக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது.

மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்று பழைய பயம் திரும்பி வந்தது. எட்டே நாளில் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களோடு சேர்ந்து இன்னொரு மாலை. பிறகு பங்குனிக்குப் பால்குடம், காப்புக் கட்டு. சித்திரையில் சமயபுரம். ஆடியில் ஒன்று. நடுவில் வெறுமையாக இருந்த வாரங்களில், சிறுவாச்சூர்க் கோயில் திறக்கிற திங்களும் வெள்ளியும் விரதம் என்று வைத்துக்கொண்டேன். இப்படி நான்கு வருடம்.

டீக்கடையில் என்னை விடமாட்டார்கள்.

"இந்த ஆளு கழுத்து காலியா இருந்து யாராச்சும் பார்த்திருக்கீங்களாய்யா?" என்பான் ஒருவன்.

"வேண்டுதல் அப்படி. வெங்காயம் வெல ஏறணும்னு."

"வெங்காயம் இல்லடா. வூட்ல ஏதோ வாங்கிக் கட்டிக்கிட்டாரு. அதான் சாமிகிட்ட போய் ஒளிஞ்சிக்கிறாரு."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன்.

நான்காவது வருடம் ஆவணியில், "முட்டி வலிக்கு அரியலூர்ல சீன வைத்தியம் பாக்கறாங்களாம், போயிட்டு வரேன்" என்றாள். அவள் பிறந்த வீடு திருமானூர்ப் பக்கம். அம்மாவைப் பார்க்கப் போகும்போது பஸ்ஸில் யாரோ ஒரு பெண் சொன்னாளாம். பெரம்பலூர் டவுனுக்குப் போனால் பஸ்ஸில் நாலு பேராவது ஊர்க்காரர்கள் இருப்பார்கள், எங்கே என்ன என்று கேட்பார்கள். அரியலூர் என்றால் பிறந்த வீட்டுக்குப் போகிறாள் என்று விட்டுவிடுவார்கள். அதற்காகத்தான் அங்கே போகிறாள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. வாரம் ஒரு நாள் போனாள்.

"என்ன பண்றாங்க?" என்று கேட்டேன்.

"ஊசி குத்தறாங்க."

"மருந்து?"

"மருந்தில்லாத ஊசிங்க. முடி மாதிரி இருக்கும். வலிக்காது."

டீக்கடையில் இதைச் சொல்லிவைத்தேன். "சீனா சாமானா? கேரண்டி கெடையாதே" என்றார் குருசாமி. அன்றைக்கெல்லாம் அதுதான் பேச்சு. வீட்டுக்கு வந்து அவளிடமும் அதைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஆனால் அவள் மாறினாள். கறுப்பு எள்ளை வறுத்து இடித்து டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு தினம் ஒரு கரண்டி தின்றாள். தோலுள்ள உளுந்தில் களி கிண்டினாள். சாயங்காலம் சட்டியில் வெந்நீர் வைத்துக் காலை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரவில் விழிப்பது குறைந்தது. தரையிலிருந்து பாய்க்குத் திரும்பினாள். மத்தியானத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொள்கிற சத்தம் கேட்கவில்லை. ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது தலையில் கொஞ்சம் மல்லிகை இருந்தது. மகள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் தலையில் பூவை அன்றுதான் பார்த்தேன்.

இதையெல்லாம் பார்த்து ஒரு புருஷன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பயம் வந்தது. இன்னொரு முறை கதவைச் சாத்துவாள், இன்னொரு முறை இரண்டு கையாலும் என் நெஞ்சில் வைத்துத் தள்ளுவாள். அந்த வருடம் கார்த்திகை வரைக்கும் நான் பொறுக்கவில்லை. ஐப்பசி முதல் வாரத்திலேயே குருசாமியிடம் போய் நின்றேன்.

"என்னய்யா அவசரம்? இன்னும் ஒரு மாசம் கெடக்கு" என்றார்.

"வேண்டுதலுங்க."

"அப்படி என்ன வேண்டுதல், சொல்லேன்."

"வெளில சொல்லக்கூடாதுங்க."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு, பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போய் மாலையை எடுத்துப் போட்டார்.

அன்று அவள் அரியலூர் போயிருந்தாள். மத்தியான பஸ்ஸில் தலையில் பூவோடு வந்தாள். நான் உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். வெளி வெளிச்சத்திலிருந்து வந்தவளுக்கு என்னைச் சரியாகத் தெரிந்திருக்காது. பையை வைத்தாள். முகம் கழுவினாள். திரும்பிப் போய் வாசல் கதவைச் சாத்தினாள்.

சாத்திவிட்டுத் திரும்பும்போதுதான் பார்த்தாள். கறுப்பு வேட்டி, நெற்றியில் சந்தனம், நெஞ்சில் துளசிமணி.

"வெக்கையா இருக்கு" என்று சொல்லி மறுபடியும் கதவைத் திறந்தாள். திறந்த கதவுக்குப் பக்கத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"கொஞ்சம் கால அமுக்கி விடறீங்களா? தெனம் அமுக்கணும்னு அந்தம்மா சொல்லிச்சு. இங்க. கணுக்காலுக்கு நாலு விரல் மேல."

புடவையைக் கொஞ்சம் தூக்கி இடத்தைக் காட்டினாள். என்னிடம் எதுவும் கேட்டுப் பழகாதவள் கேட்டாள்.

"மாலை போட்டிருக்கேன் புள்ள" என்றேன்.

"ஓ" என்றாள். "சரிங்க சாமி."

எழுந்தாள். தலையிலிருந்து பூவை எடுத்து வெங்காயச் சருகு கிடந்த கூடையில் போட்டாள். எனக்குச் சோறு போட்டாள். அடுத்த வாரம் அவள் அரியலூர் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. முட்டி சரியாகிவிட்டது என்றாள்.

எங்கள் வீட்டில் என் போன் ஒன்றுதான். அந்த எண்ணைத்தான் வைத்தியம் பார்க்கிற இடத்தில் கொடுத்திருக்கிறாள். ஒரு நாள் நான் வயலில் இருக்கும்போது அந்த அம்மா பேசினார்கள். "உங்க வீட்டம்மா வரலியே, உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். முட்டி சரியாகிவிட்டதாம் என்றேன்.

"நீங்க ஒரு நாள் வந்துட்டுப் போக முடியுமா?" என்றார்கள்.

வீட்டில் விதை வெங்காயம் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அரியலூர் போனேன். ஒரு வீட்டின் முன்னறை. சுவரில் மனித உடம்பின் படம், தலையிலிருந்து கால்வரை கோடு போட்டு, புரியாத சீன எழுத்து எழுதியிருந்தது. நாற்காலிகளில் ஐந்தாறு பெண்கள். கறுப்பு வேட்டியும் மாலையுமாக நான் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் காலை ஒதுக்கிக்கொண்டு எனக்கு வழிவிட்டார்கள். "சாமிக்கும் முட்டி வலியா?" என்று ஒரு கிழவி கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அந்த அம்மாவுக்கு என் மனைவியைவிட வயது அதிகம் இருக்கும். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என் மாலையைப் பார்த்தார்கள்.

"எப்ப போட்டீங்க சாமி?"

நாளைச் சொன்னேன். கையிலிருந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார்கள்.

"அவங்க எங்கிட்ட சொன்னத உங்ககிட்ட சொல்ல மாட்டேன். அது தப்பு. பொதுவா சொல்றேன், கேட்டுக்குங்க. உடம்புல தண்ணியும் நெருப்பும் சரிக்குச் சரி இருக்கணும்னு சீன வைத்தியத்துல ஒரு கணக்கு. பொம்பளைங்களுக்கு மாசாமாசம் வர்றது நிக்கற சமயத்துல தண்ணி குறையும், நெருப்பு மேல ஏறும். அதான் வேர்க்கறது, தூக்கம் கெடறது, சிடுசிடுப்பு. உள்ளயும் காஞ்சு போகும். காஞ்ச எடத்துல புருஷன் வந்தா ரணம் மாதிரி எரியும். புரியுதா?"

தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன்.

"எரிஞ்சா தள்ளி விடுவாங்க. ஆள் மேல வெறுப்புனு நெனைக்கக் கூடாது. நெறைய பேரு அப்படித்தான் நெனைச்சுக்கறாங்க."

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அந்த அம்மா பேச்சை நிறுத்தித் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்கள். பிறகு சொன்னார்கள்.

"ஊசி போட்டதுல வேர்வையும் தூக்கமும் நல்லா மாறிச்சு. உள்ள காயறதுக்கு என் ஊசி மட்டும் பத்தாது சாமி, பொய் சொல்ல மாட்டேன். அதுக்குப் பெரியாஸ்பத்திரி லேடி டாக்டர்கிட்ட அனுப்பினேன், களிம்பு கொடுத்தாங்க. அதுவும் கேட்டுது. மிச்சம் ஒண்ணு இருக்கு. அது எங்க ரெண்டு பேர் கையிலயும் இல்ல."

நாற்காலியில் உட்கார்ந்தபடியே தன் காலை ஒரு முக்காலி மேல் வைத்தார்கள். உள்பக்கக் கணுக்கால் எலும்புக்கு மேலே நாலு விரலை அடுக்கி வைத்து அளந்து, அந்த இடத்தில் கட்டைவிரலை ஊன்றினார்கள்.

"இந்த எடம். தெனம் கொஞ்ச நேரம் நீங்க அமுக்கி விடணும்னு சொல்லி அனுப்பிச்சேன். இதுல பாதி வைத்தியம், பாதி வேற. வேற ஒண்ணும் கேட்காம ஒரு ஆம்பள கை தன் கால்ல படறது அவங்களுக்கு மொதல்ல வேணும். அப்பறம்தான் மத்ததெல்லாம். கேட்டாங்களா உங்கள?"

"கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

நான் மாலையைத் தொட்டுக் காட்டினேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள்.

"கழட்டிட்டுப் போயிடுங்க சாமி. கடவுள் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு."

கடவுளைப் பற்றி எனக்கு அந்தப் பயம் இல்லை. எங்கள் ஊரில் மாலையை நடுவில் கழற்றுவது வீட்டில் சாவு விழுந்தால் மட்டும்தான். வேறு எதற்காகக் கழற்றினாலும் டீக்கடையில் குருசாமி முன்னால் நின்று காரணம் சொல்ல வேண்டும். என் மனைவியின் காலைத் தொட வேண்டும், அதற்காகக் கழற்றுகிறேன் என்று நான் சொல்ல வேண்டும். திரும்பி வருகிற பஸ்ஸில் பல தடவை அதைச் சொல்லிப் பார்த்தேன், வாய்க்குள்ளேயே. ஊர் நிறுத்தத்தில் இறங்கியபோது, தையில் மலைக்குப் போய்வந்ததும் முதல் வேலையாக அவளிடம் பேசிவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன்.

விதை வெங்காயம் எப்படி என்று கேட்டாள். சரியில்லை என்றேன்.

தையில் மலையிலிருந்து வந்தேன். அவள் வீட்டில் இல்லை. திருமானூரில் அவளுடைய அம்மா படுக்கையில் விழுந்திருந்தார்கள். மாசி கடைசியில் அவர் இறந்து, காரியம் முடிந்து, பங்குனியில்தான் என் மனைவி திரும்பி வந்தாள். இளைத்திருந்தாள். துக்கத்தில் இருப்பவளிடம் இதை எப்படிப் பேசுவது என்று விட்டேன். சித்திரையில் மகள் பிரசவத்துக்கு வந்தாள், வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். ஆடியில் மழை, வெங்காயத்தில் அழுகல். பேச முடியாததற்கு எனக்குத் தினம் ஒரு காரணம் கிடைத்தது.

வாயால் பேச முடியாததைப் பொருளால் பேசலாம் என்று பார்த்தேன். பெரம்பலூர்ச் சந்தையில் கறுப்பு எள் வாங்கி வந்து அடுப்பு மேடையில் வைத்தேன். அதை அவள் இட்லிப்பொடியில் சேர்த்துவிட்டாள். காலை முக்கி வைக்க வசதியாக அகலமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வாங்கி வந்தேன். "நல்ல தொட்டியா இருக்கே" என்று அதில் பேரனைக் குளிப்பாட்டினாள். அந்த வருடம் நான் எந்த மாலையும் போடவில்லை. பழனிக்குப் போகவில்லை, பங்குனிக்குக் காப்புக் கட்டவில்லை. வெறும் கழுத்தோடு அவள் கண்ணெதிரில் நடமாடினேன். அவளாகப் புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன்.

புரட்டாசியில் ஒரு நாள் என் கழுத்தைப் பார்த்துச் சொன்னாள்: "என்ன, சாமிக்கு இந்த வருஷம் லீவா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அன்று சொல்லியிருக்கலாம். "ஒடம்பு முடியல" என்று சொல்லிவிட்டேன்.

கார்த்திகை முதல் நாள் காலையில் அவள் எனக்கு முன்னாலேயே குளித்துவிட்டாள். மஞ்சள் புடவை கட்டியிருந்தாள். எங்கே என்று கேட்டேன்.

"பிள்ளையார் கோயிலுக்கு. மாலை போடறேன்."

"நீயா?"

"ஏன், போடக்கூடாதா? அம்பது தாண்டியாச்சு. குருசாமிகிட்ட கேட்டேன். நின்னு எத்தன வருஷம் ஆச்சுன்னாரு. சொன்னேன். அப்ப தாராளமா போடலாம்னுட்டாரு."

நின்றுபோனதை என்னிடம் அவள் ஒருநாளும் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. டீக்கடைக்காரர் கேட்டிருக்கிறார், அவருக்குச் சொல்லியிருக்கிறாள்.

கோயிலில் அவளோடு இன்னும் இரண்டு வயதான பெண்கள் நின்றார்கள். குருசாமிக்கு ஒரே பெருமை. "இத்தன வருஷம் புருஷன் போனாரு, இப்ப பொண்டாட்டி போறாங்க. குடும்பமே புண்ணியம் பண்ணின குடும்பம்யா" என்று என் தோளில் தட்டினார். கூட்டத்தில் ஒருவன், "இனிமே வூட்ல சமைக்கறது யாரு சாமி?" என்று கேட்டுச் சிரிப்பு மூட்டினான். அவள் கழுத்தில் மாலை விழுந்தது. வழக்கப்படி எல்லோரும் அவளைக் கும்பிட்டார்கள். நானும் கைகூப்பி, சாமி சரணம் என்றேன். அவள் என்னை நேராகப் பார்த்து, "சாமி சரணம்" என்றாள்.

அவள் பாய் தனியாகப் போனது. என் தட்டும் அவள் தட்டும் தனித்தனியாகக் கவிழ்ந்திருந்தன. நான் நான்கு வருடம் எப்படி நிம்மதியாக இருந்தேனோ அப்படி அவள் இருந்தாள். பக்தியால் போட்டாளா, எனக்குத் திருப்பிக் கொடுக்கப் போட்டாளா, இல்லை என்னைப்போலவே ஒளிந்துகொள்ளப் போட்டாளா என்று இன்றுவரை தெரியாது. காலை ஐந்து மணிக்குச் சரணம் சொல்கிற அவள் குரல் நன்றாக இருந்தது. அதை மட்டும் சொல்ல முடியும். நான் வெந்நீர் வைத்துத் தொட்டியில் ஊற்றி, அவளுக்கு எதிரில் வைத்துவிட்டு நகர்ந்து நிற்பேன். தொடக்கூடாதே.

தையில் மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றினாள். இரண்டு வாரம் போயிருக்கும். புது வெங்காயம் எடுத்து வாசலில் குவித்திருந்தோம். அவள் அரிவாளின் பிடியைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு தாள் அரிந்துகொண்டிருந்தாள். சாப்பாடு முடிந்த மத்தியானம். யாரும் இல்லை. ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்து, பிறகு சொன்னேன்.

"கால குடு புள்ள. அமுக்கி விடறேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. முகம் கொஞ்சம் இளகினதுபோலக்கூட இருந்தது.

"மலைக்கு நடந்த வலியெல்லாம் போயிடுச்சு."

"அதுக்கில்ல. அந்த எடம். கணுக்காலுக்கு நாலு விரல் மேல."

"பரவால்லியே, நான் ஒரு தடவ காட்டினது ஞாபகம் இருக்கே."

"அந்தம்மாவும் காட்டினாங்க."

அரிவாள் நின்றது. "எந்தம்மா?"

"அரியலூர் அம்மா. போன் பண்ணினாங்க. போயிருந்தேன்."

"எப்ப?"

போன வாரம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். அதற்கும் எனக்குச் சாமர்த்தியம் இல்லை.

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஐப்பசில. மாலைல இருந்தப்ப."

அவள் கையிலிருந்த வெங்காயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாம் சொன்னாங்களா?"

"பொதுவா சொன்னாங்க."

"எனக்கு எரிஞ்சதுன்னு தெரியுமா?"

"ம்."

"அதான் தள்ளி விட்டேன்னு தெரியுமா?"

"ம்."

"நின்னுபோனவகிட்ட இனி என்ன இருக்குன்னுதான் நீங்க மாலை மாலையா போட்டுக்கிட்டுத் திரிஞ்சீங்கன்னு நெனைச்சேன். அப்பறம், இல்ல, அவருக்கு ஒண்ணும் தெரியாது, பாவம், கேட்கத் தெரியாத மனுசன்னு மனச ஆத்திக்கிட்டேன். அம்மா செத்தப்பகூட அத நெனைச்சுத்தான் திரும்பி வந்தேன். தெரியாத மனுசன்னு."

நான் சொல்ல இருந்ததையெல்லாம் அவளே சொல்லிவிட்டாள்.

"தெரிஞ்சுக்கிட்டே ஒரு வருஷத்துக்கு மேல சும்மா இருந்திருக்கீங்க" என்றாள். குரல் உயரவில்லை. "தெரியாதவரா இருந்திருந்தா இப்ப காலக் குடுத்திருப்பேங்க."

பிறகு குவியலைப் பார்த்தாள். "வெயில் சாயறதுக்குள்ள இத முடிக்கணும். அந்தப் பக்கம் உக்காந்து நீங்களும் அரிங்க."

உள்ளே போய் இன்னொரு அரிவாளை எடுத்துவந்து எதிரில் உட்கார்ந்தேன். நடுவில் வெங்காயக் குவியல். அவளுடைய கால் அரிவாளின் பிடியை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது. நாலு விரல் மேலே உள்ள அந்த இடம் மறையப் புடவைக் கரையை இழுத்து விட்டிருந்தாள். எனக்குப் பின்னால் வாசல் கதவு திறந்தே கிடந்தது. பொழுது சாயும்வரை இருவரும் அரிந்தோம்.